பேர் மறந்த படமும் பாக்கெட் விமானமும்

சில மாதங்களுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு படத்தின் பேர் கேட்டார். அம்மாவின் அண்ணன். 80 வயது தாண்டிவிட்டது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மருமவனே, நீ கம்ப்யூட்டர்ல தேடுற ஆளு. ஒரு இங்கிலீஷ் படம். பாலைவனத்துல ஒரு சரக்கு பிளேன் விழுந்துரும். உடைஞ்ச பிளேனைப் பிரிச்சு இன்னொரு பிளேன் கட்டிப் பறந்துருவாங்க. பேரு தொண்டைக்குழி வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது."

அடுக்களையில் இருந்த அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ ரொம்ப அலையாத. அவர் இப்பல்லாம் கேம்ப்ல நடந்ததையும் சினிமாவையும் ஒண்ணாக் கலந்து சொல்றாரு. அப்படி ஒரு படமே இருக்காது."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் சீரியஸாகப் பட்டது. படம் இருக்கிறதா இல்லையா என்பது, மாமாவின் ஞாபகத்தை வீட்டில் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியும்கூட. எந்த பக் ரிப்போர்ட்டையும் "யூசர் தப்பாச் சொல்றார்" என்று மூடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கணும். எங்கள் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒழுக்கம் அதுதான்.

மாமாவிடம் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். அவர் சொன்னது இவ்வளவு:

1. படம் பார்த்தது 70களின் தொடக்கத்தில், சண்டிகரில் இருந்தபோது, கேம்ப்பில் திரை கட்டிப் போட்டார்கள்.
2. விமானத்துக்கு இரட்டை வால்.
3. புது விமானத்துக்கு பிளான் போடுகிறவன் பொம்மை பிளேன் செய்கிறவன். கடைசியில்தான் அது மற்றவர்களுக்குத் தெரியும்.
4. துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒன்றைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவார்கள்.
5. ஆட்கள் இறக்கை மேல் படுத்துக்கொண்டு பறப்பார்கள்.
6. எல்லாத்துக்கும் காரணம் ஒரு மெக்கானிக். சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவான்.

ஆறாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரட்டை வால் என்றால் எது?

முதல் சிக்கல் இரண்டாவது குறிப்பில்தான். சாதாரணப் பேச்சில் 'இரட்டை வால்' என்பது இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கும். ஒரே உடல், அதன் கடைசியில் வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என நிற்கும் இரண்டு செங்குத்துத் துடுப்புகள். இது ஒரு வகை. இரண்டாம் உலகப்போர் கால பி-24, பி-25 குண்டுவீச்சு விமானங்கள் இப்படித்தான் இருக்கும். இன்னொரு வகையில் இரண்டு இன்ஜின்களுக்கும் பின்னால் தனித்தனியாக நீண்ட குழாய் மாதிரி இரண்டு பூம்கள் போகும். இரண்டின் நுனிகளையும் குறுக்கே ஒரு பட்டை இணைக்கும். நடுவில் சரக்கு ஏற்றும் பெட்டி தொங்குகிற மாதிரி இருக்கும்.

முதல் வகை என்று வைத்துக்கொண்டால், 1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'சோல் சர்வைவர்' சரியாக வந்து நிற்கும். லிபியப் பாலைவனத்தில் ஒரு பி-25, அதன் பக்கத்திலேயே பல வருஷமாகக் காத்திருக்கும் செத்துப்போன விமானிகளின் ஆவிகள். நல்ல கதை. ஆனால் அதில் யாரும் எதையும் கட்டிப் பறப்பதில்லை. 1965இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் த கலஹாரி'யிலும் பாலைவனம், விமான விபத்து, தப்பிப் பிழைத்தவர்கள் எல்லாம் உண்டு. அங்கே எதிரி மணல் மட்டுமல்ல, பபூன் குரங்குகளும்தான். 1953இல் ஜான் வெய்ன் நடித்த 'ஐலண்ட் இன் த ஸ்கை'யில் சரக்கு விமானம் உண்டு, ஆனால் இறங்குவது கனடாவின் பனியில்.

எனவே இரண்டாவது வகை. இரட்டை பூம், பாலைவனம், திரும்பக் கட்டுவது. இந்த மூன்றையும் சேர்த்தால் 'ஃப்ளைட் ஆஃப் த ஃபீனிக்ஸ்' உடனே கிடைத்துவிட்டது. 2004இல் வந்தது. டென்னிஸ் க்வெய்ட் நடித்தது. இடம் கோபி பாலைவனம். விமானம் சி-119. நம் விமானப்படையும் 1950களில் இருந்து 80கள் வரை ஓட்டிய அதே ரகம். லடாக் பகுதிக்கு சரக்கு கொண்டுபோனது, உயரத்தில் இன்ஜின் திணறுகிறது என்று முதுகில் ஒரு ஜெட் இன்ஜினைக் கூடுதலாகச் சுமந்தது, 1962 ஜூலையில் தௌலத் பெக் ஓல்டியில் போய் இறங்கியது எல்லாம் இந்த ரகம்தான். விமானப்படையில் இதற்குப் பேர் 'பாக்கெட்'. மாமா வாழ்நாளில் பாதி இதன் இன்ஜினுக்குக் கீழே கழிந்தது.

அப்போ அத்தை சொன்னது சரியோ என்று தோன்றிவிட்டது. 2004 படத்தை எப்போதோ டிவியில் பார்த்துவிட்டு, 70களின் கேம்ப் நினைவோடு ஒட்டிக்கொண்டாரோ?

படத்திலிருந்து ஒரு ஸ்டில்லை போனில் காட்டினேன். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இரண்டே விநாடி.

"இது இல்ல. இது நம்ம வண்டி. படத்துல வந்தது நம்ம வண்டியோட அண்ணன். மூஞ்சி வேற மாதிரி இருக்கும்."

அண்ணன் விமானம்

இந்த ஒரு வரிதான் துப்பு. சி-119க்கு உண்மையிலேயே ஒரு அண்ணன் உண்டு. ஃபேர்சைல்ட் சி-82. 1944 செப்டம்பரில் முதலில் பறந்தது. லாரியின் தட்டு உயரத்துக்கே சரக்கறை அமைந்து, பின்கதவை அகலத் திறந்து நேரடியாக ஏற்றலாம் என்பதுதான் அந்த வடிவத்தின் நோக்கம். போர் முடிந்துவிட்டதால் சுமார் 220 விமானங்களோடு தயாரிப்பு நின்றுபோனது. அதன் குறைகளைத் திருத்தி 1947இல் பறந்ததுதான் சி-119. அது ஆயிரத்துக்கும் மேலே செய்யப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது சுலபம். சி-82இல் விமானி அறை சரக்கறையின் தலைமேல், மூக்கிலிருந்து சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்திருக்கும், மாட்டுவண்டிக் கூண்டின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. சி-119இல் அதை முன்னால் கொண்டுவந்து மூக்கோடு மூக்காகச் சேர்த்துவிட்டார்கள். மாமா 'மூஞ்சி' என்று சொன்னது இதைத்தான். அமெரிக்காவில் 'பாக்கெட்' என்ற பேரை முறைப்படி சுமந்தது சி-82தான் என்பது கூடுதல் தகவல். தம்பிக்கு அங்கே 'ஃப்ளையிங் பாக்ஸ்கார்' என்று வேறு பேர். அண்ணன் பேரைத் தம்பிக்கு வைத்துக் கூப்பிட்டது நம் ஊரில்தான்.

சி-82 இருக்கிற பாலைவனப் படம் என்று தேடினால் பதில் ஒன்றே ஒன்று: 1965இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய 'தி ஃப்ளைட் ஆஃப் த ஃபீனிக்ஸ்'. 2004 படம் இதன் மறுஆக்கம். எல்ஸ்டன் ட்ரெவர் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட், பீட்டர் ஃபின்ச், எர்னஸ்ட் போர்க்னைன், ஜெர்மன் நடிகர் ஹார்டி க்ரூகர், பிறகு 'காந்தி' எடுத்த நம் ரிச்சர்ட் ஆட்டன்பரோ.

படம் இருக்கிறது. மாமா கற்பனை செய்யவில்லை. அத்தையிடம் சொன்னேன். "ஓ, இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

படம் என்ன சொல்கிறது

இனி விமர்சனம். கதையை முழுசாகச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 142 நிமிஷம்.

ஒரு எண்ணெய் கம்பெனியின் பழைய சி-82, சகாராவின் நடுவிலிருந்து பெங்காசிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மணல் புயலில் இரண்டு இன்ஜினும் நின்றுபோய்ப் பாலைவனத்தில் மோதி இறங்குகிறது. சாப்பிட, சரக்காக வந்த பேரீச்சை நிறைய உண்டு. தண்ணீர்தான் கொஞ்சம். பயணிகளில் ஒருவனான டார்ஃப்மன், க்ரூகர் நடித்த பாத்திரம், தான் விமான வடிவமைப்பாளன் என்கிறான். சேதமில்லாத பூமையும் இன்ஜினையும் எடுத்து, எதிர்ப்பக்கத்து இறக்கையைக் கழற்றி இதில் பொருத்தினால் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். விமானி டௌன்ஸ், அதாவது ஸ்டூவர்ட், இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்.

பொதுவாக இந்தப் படத்தை 'இன்ஜினியரின் வெற்றி' என்று ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கும் பார்க்கும்வரை அப்படித்தான் எண்ணம். பார்த்தபின் சொல்கிறேன், படத்தில் விமானம் கட்டுவது பாதிதான். மீதிப் பாதி யார் சொல்வது சரி, தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்கிற சண்டை. அந்தச் சண்டையில் ஆல்ட்ரிச் யாருக்கும் முழு மார்க் போடுவதில்லை. அதுதான் இந்தப் படத்தின் பலம்.

டார்ஃப்மனை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் கெட்டி. மனுஷர்களைப் புரிந்துகொள்வதில் பூஜ்யம். எல்லோருக்கும் அளந்து கொடுக்கும் தண்ணீரைத் திருடிக் குடிக்கிறான். பிடிபட்டதும் வெட்கப்படவே இல்லை, நான்தான் அதிகம் வேலை செய்கிறேன் என்று காரணம் சொல்கிறான். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் பதில் சொல்லவும் முடியவில்லை. எந்த ஆபீஸில் இவன் இல்லை?

பிறகு அந்த பொம்மை விமானக் காட்சி. அவன் கம்பெனி செய்வது மாடல் விமானங்கள் மட்டும்தான் என்று டௌன்ஸுக்கும் உதவியாளன் மோரனுக்கும் தெரியவருகிறது. ஆட்டன்பரோ சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சிரிப்பு அழுகையா என்று தெரியாத இடத்துக்குப் போகிறது. டார்ஃப்மன் சொல்லும் வாதமோ அசைக்க முடியாதது: பொம்மை வேறு, மாடல் வேறு. மாடல் விமானத்துக்குள் விமானி கிடையாது, அது தானே சமநிலையில் பறக்கணும், அதனால் வடிவம் இன்னும் துல்லியமாக இருக்கணும்.

இது சரியா? பாதி சரி. தூக்குவிசை, எடையின் மையம் எங்கே விழணும் என்கிற அடிப்படைகள் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அளவைப் பெருக்கும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகாது. நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நாலு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்கு ஆகிவிடும். மாடலில் தாங்கும் இணைப்பு பெரிய விமானத்தில் முறியலாம். டௌன்ஸின் பயம் வெறும் வறட்டுப் பிடிவாதம் அல்ல.

டௌன்ஸ் சரியாக இருக்கும் இடமும் உண்டு. மாமா சொன்ன தோட்டாக் காட்சி. வெடிமருந்துத் தோட்டாவை வெடிக்கவைத்து, அந்த வாயுவின் அழுத்தத்தால் இன்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் அது. மொத்தம் இருப்பது ஏழு. ஒவ்வொன்றாக வீணாகிக்கொண்டே போகிறது. மிச்சமிருக்கும் சொற்பத்தில் ஒன்றை, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்று தெரிந்தே, சிலிண்டர்களைச் சுத்தம் செய்வதற்காக மட்டும் வெடிக்கப்போகிறார். டார்ஃப்மன் கூடாது என்று கத்துகிறான். அவன் கணக்கில் அது அப்பட்டமான நஷ்டம். டௌன்ஸ் வெடிக்கிறார். அடுத்த முயற்சியில் இன்ஜின் உயிர் பெறுகிறது. கணக்கு கட்டிய விமானத்தைக் கிளப்பியது கைப்பழக்கம்.

ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப்போரில் நிஜமாகவே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், விமானப்படை ரிசர்வில் பிரிகேடியர் ஜெனரல் வரை போனவர். வாழ்க்கை பூரா நல்லவனாக நடித்த அந்த முகத்தில், தன் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்ட ஒரு ஆளின் கடுகடுப்பைப் பார்ப்பது தனி அனுபவம்.

குறைகளும் உண்டு. வழியில் வரும் அரபு நாடோடிகள் வெறும் ஆபத்தாக மட்டும் வந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட முகம் கிடையாது. படத்தில் பெண் என்று வருவது கானல் மயக்கத்தில் ஆடும் ஒருத்தி மட்டும்தான். அந்தக் காட்சியை வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

ஆறாவது குறிப்பு

மாமாவின் ஆறு குறிப்புகளில் ஐந்து கச்சிதம். ஆறாவதுதான் இடித்தது. படத்தில் விபத்துக்குக் காரணமான மெக்கானிக் என்று யாருமே இல்லை.

இரண்டாவது தடவை, மாமாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, நான் பக்கத்தில் இருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். டௌன்ஸும் மோரனும் சண்டை போடும் ஒரு இடம். நீ கடைசி பாட்டிலைக் காலி பண்ணிக்கொண்டு படுக்கையிலேயே கிடக்காமல், ரேடியோ பற்றிய ரிப்போர்ட்டைச் சரிபார்த்திருந்தால் நமக்கு இந்தக் கதி வந்திருக்காது என்கிற மாதிரி டௌன்ஸ் சொல்கிறார். அரை நிமிஷம்கூட இல்லை. முதல் தடவை எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனசில் நிற்கவில்லை.

மாமா கையைத் தூக்கினார். "நிப்பாட்டு. இவன்தான். இவனைத்தான் சொன்னேன்."

"இவன் மெக்கானிக் இல்ல மாமா. விமானிக்கு உதவியாளு, வழி பார்க்கிறவன்."

"என்னவா இருந்தா என்ன. பார்க்க வேண்டிய காகிதத்தைப் பார்க்கல இல்ல?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஒவ்வொரு வண்டியும் கிளம்புறதுக்கு முன்னால நாங்க பார்த்துட்டு கையெழுத்துப் போடணும். நான் கையெழுத்துப் போட்ட வண்டி மலைப்பக்கம் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. அத்தைகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

ஐம்பது வருஷத்தில் படத்தின் பேர் போய்விட்டது, நடிகர்கள் பேர் போய்விட்டது. அந்த ஒரு வரி மட்டும் வளர்ந்து, கதையின் காரணமாகவே ஆகி, அதைச் செய்தவனுக்கு மாமாவின் வேலையையே கொடுத்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தப்பு வாசிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. டௌன்ஸ் செத்தவர்களைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். மோரனுக்கு அந்த ரிப்போர்ட் உறுத்துகிறது. அதனால்தான் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேருக்கும் நடுவில் மாறி மாறி ஓடி, கெஞ்சி, மிரட்டி, வேலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறான். விமானத்துக்கு பிளான் போட்டது டார்ஃப்மன், ஓட்டியது டௌன்ஸ். அது கட்டி முடிக்கப்பட்டதே மோரனால்தான். 2004 படத்தில் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, மாடல் விமானம்கூட இருக்கிறது. மோரனின் அந்த உறுத்தல் மட்டும் இல்லை. ஒருமுறை பார்த்ததும் அது மறந்துபோவதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு பேர்

படம் முடிந்ததும் திரையில் ஒரு அஞ்சலி வரும். பால் மான்ட்ஸ் என்ற விமானி இந்தப் படத்துக்காக உயிரைக் கொடுத்தார் என்று. கதையில் கட்டப்படும் ஃபீனிக்ஸை ஆல்ட்ரிச் குழு நிஜமாகவே பறக்கும் விமானமாகச் செய்தது. கட்டியவர் ஆட்டோ டிம், 1922இல் சார்ல்ஸ் லிண்ட்பர்கை முதன்முதலாக விமானத்தில் ஏற்றிக்கொண்டு போன அதே மனிதர். 1965 ஜூலை 8, அரிசோனாவின் யூமாவுக்குப் பக்கத்து மணல்மேடுகளில், தரையைத் தொட்டு மேலேறும் காட்சியை இன்னொரு தடவை எடுத்தபோது விமானம் மணலில் மோதி உடைந்தது. மான்ட்ஸ் அங்கேயே இறந்தார். கூட இருந்த ஸ்டண்ட் நடிகர் பாபி ரோஸ் காயத்தோடு தப்பினார். மீதி ஷாட்டுகளுக்கு ஓ-47 என்ற வேறொரு பழைய விமானத்தை மாற்றி வைத்தார்கள். கவனித்துப் பார்த்தால் கடைசிக் காட்சிகளில் விமானத்தின் உருவம் மாறுவது தெரியும்.

இதை மாமாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். உடனே அவர் கேட்ட கேள்வி இது: "அன்னைக்குக் காலையில அந்த வண்டியைப் பார்த்து விட்டது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் அப்படி ஒரு கேள்வியே கண்ணில் பட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பேர் மறந்த படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால், நடிகர் யார், பாட்டு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மாமாவின் தொழில் கண் பார்த்து வைத்த மூக்கு, தோட்டா, காகிதம் மூன்றும்தான் கடைசிவரை கலையாமல் இருந்தன.

படத்தின் பேரை ஒரு அட்டையில் பெரிதாகத் தமிழில் எழுதி டிவி ஸ்டாண்டில் ஒட்டிவிட்டு வந்தேன். போன வாரம் போனில் பேசும்போது அத்தை சொன்னார், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா அதைக் காட்டிக் கதை சொல்கிறாராம். அவர் சொல்லும் கதையில் மோரன் இன்னும் மெக்கானிக்தானாம்.